ஆள் பிரிக்கும் முன்: ஹாக்கி டிராஃப்டுக்குப் பட்டியல் போடுவது எப்படி?

ராயகிரியிலிருந்து சங்கரன்கோவில் போய், அங்கே பஸ் மாறிக் கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டி. தமிழ்நாட்டு ஹாக்கிக்கு அதுதான் தாய்வீடு. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக முதன்முதலாக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் அந்த ஊர் மைதானத்தில் தேறியவர்கள்தான். அதனால் நம் பக்கத்தில் ஹாக்கி பார்க்கிற கண் உண்டு. இல்லாதது பட்டியல் போடும் பழக்கம். ஹாக்கி இந்தியா லீக் தொடங்கப்போகிறது, ஊரில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி லீக் (நிஜ ஆட்டக்காரர்களைப் பிரித்து எடுத்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு) நடத்தலாம் என்று முடிவாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை டிராஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நீங்கள் செய்ய வேண்டியதுதான் இந்த அத்தியாயம்.

டிரீம்11 செயலியில் டீம் போட்டுப் பழகியவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டு வர வேண்டும். அங்கே இந்தியாவின் பேக் ஆட்டக்காரர் ஹர்மன்பிரீத் சிங்கை லட்சம் பேர் எடுக்கலாம். டிராஃப்டில் ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் அவர் கிடையாது. தெருவில் சாட் பூட் த்ரீ போட்டு, ஜெயித்த கேப்டன் முதல் ஆளைக் கூப்பிட, அடுத்த கேப்டன் அடுத்த ஆளைக் கூப்பிடுவாரே, அந்த ஆள் பிரிப்புதான் இதுவும். ஆகவே "யார் நல்ல ஆட்டக்காரர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "என் முறை வரும்போது யார் மிச்சம் இருப்பார்?" என்றும் கேட்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு: பணம் வைக்காதீர்கள்

இதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட எனக்கு விருப்பமில்லை. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. ஃபேன்டஸி ஆட்டங்களும் அதில் அடக்கம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். டிரீம்11 அந்த மாதமே பணப் போட்டிகளை நிறுத்தியது.

நம் லீக் நோட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கிறது. ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்து ஜெயித்தவருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அப்போதே மறுத்துவிடுங்கள். தோற்றவர் ஒரு நாள் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தரட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று:

1. "ஹாக்கி டீம் போட்டுப் பரிசு வெல்லுங்கள்" என்று டெலிகிராமில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எந்தச் செயலியையும் இறக்காதீர்கள்.
2. ஓடிபி, ஆதார், வங்கி விவரம் எதுவும் இந்த விளையாட்டுக்குத் தேவைப்படாது. யாராவது கேட்டால் அவர் திருடர். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.
3. குழுவில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்கட்டும். பரீட்சை சமயத்தில் அவர்களுக்காக ஆள் மாற்றும் பொறுப்பை அண்ணனோ அக்காவோ எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: பட்டியலுக்கு முன் புள்ளி விதி

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வார்கள். ஆட்களை முதலில் எழுதிவிட்டு, புள்ளிக் கணக்கை டிராஃப்ட் அன்றுதான் பேசுவார்கள். விதி மாறினால் ஆளின் மதிப்பே மாறிவிடும். ஹாக்கி இந்தியா லீக்கே இதற்கு உதாரணம். 2016, 2017 பருவங்களில் அங்கே ஒரு ஃபீல்டு கோல் இரண்டு கோலாகக் கணக்கிடப்பட்டது. அந்த இரண்டு ஆண்டும் ஃபார்வர்டுகளுக்கு இருந்த மவுசு தனி.

ஆறு பேருக்கு ஒத்துவரும் ஒரு விதி இதோ. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

- களமிறங்கினால்: 1
- ஃபீல்டு கோல்: 6
- பெனால்டி கார்னர் கோல்: 4
- பெனால்டி ஸ்ட்ரோக் கோல்: 2
- ஆட்ட நாயகன்: 5
- கோலே வாங்காத ஆட்டத்தின் கீப்பர்: 10. ஒரே ஒரு கோல் வாங்கினால்: 5
- அணி ஒரு கோலுக்கு மேல் வாங்காவிட்டால் அதன் பேக் ஒவ்வொருவருக்கும்: 3
- பச்சை அட்டை: 1 கழியும். மஞ்சள்: 3 கழியும். சிவப்பு: 6 கழியும்
- ஷூட் அவுட் கோலுக்கும் தடுப்புக்கும்: ஒன்றுமில்லை

கடைசி வரியைக் கட்டாயம் எழுதி வையுங்கள். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் 2-2 என்று நின்றன. ஷூட் அவுட்டில் 4-3 என்று ஜெயிக்க வைத்தவர் கீப்பர் பிரின்ஸ் தீப் சிங். ஊரே கொண்டாடிய ஆட்டம் அது. ஆனால் நம் கணக்கில் இரண்டு கோல் வாங்கிய கீப்பருக்கு களமிறங்கிய 1 புள்ளிதான். இது நியாயமா என்ற சண்டை டிராஃப்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும்.

கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவருக்கும் புள்ளி தரலாமே என்று ஒருவர் கேட்பார். நல்ல யோசனைதான். ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டத் தாளில் அந்தத் தகவல் இருக்காது. தாளில் இல்லாததற்குப் புள்ளி வைத்தால் ஒவ்வொரு ராத்திரியும் ரீப்ளே போட்டுப் பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்கும்.

விதியை எழுதியதும் பழைய போட்டி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்தது 15 கோல். அதில் 10 ஹர்மன்பிரீத்துடையது: ஏழு பெனால்டி கார்னர், மூன்று ஸ்ட்ரோக். அடுத்த இடத்தில் ஃபார்வர்டு அபிஷேக், இரண்டு ஃபீல்டு கோல். நம் விதிப்படி ஹர்மன்பிரீத்துக்குக் கோலில் மட்டும் 28-உம் 6-உம் சேர்ந்து 34, அபிஷேக்குக்கு 12. எல்லாக் கோலுக்கும் ஒரே மாதிரி 5 என்று வைத்திருந்தால் 50-க்கு 10. இடைவெளியைக் குறைத்த பிறகும் பேக்தான் முன்னால் நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: 192 பெயரை 80 ஆக்குங்கள்

2024-25 பருவத்தில் ஆண்கள் லீக்கில் 8 அணிகள், அணிக்கு 24 பேர். அதில் குறைந்தது 16 இந்தியர், அவர்களில் 4 பேர் ஜூனியர். மீதி 8 பேர் வெளிநாட்டவர். மொத்தம் 192. நீங்கள் ஆறு பேர், ஆளுக்கு 11 பேர் (ஒரு கீப்பர், மூன்று பேக், மூன்று ஹாஃப், மூன்று ஃபார்வர்டு, விருப்பப்படி ஒருவர்) என்றால் எடுக்கப்படுவது 66 பேர்தான். 80 பெயருக்கு மேல் பட்டியல் வேண்டாம்.

வடிகட்டும் வரிசை:

1. அந்தப் பருவத்தின் புது அணிப் பட்டியலை எடுங்கள். போன ஆண்டு நோட்டை நம்பாதீர்கள். யுபி ருத்ராஸ் ஒரே பருவம் ஆடிவிட்டு விலகியது. அடுத்த பருவத்தில் அதன் இடத்தில் லீக்கின் ஆட்சிக் குழுவே ஓர் அணியை இறக்கியது.
2. காயம், நாட்டு அணி அழைப்பு, தாமத வருகை என்று செய்தி வந்த பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். லீக் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் தாமதமாக வருபவர் கால்வாசிப் பருவத்தை இழந்தவர்.
3. ஒவ்வொரு அணியிலும் வழக்கமாகக் களமிறங்கும் ஆட்களை மட்டும் வையுங்கள். பெஞ்சில் உட்காரும் பெரிய பெயரை வெட்டிவிடுங்கள்.
4. ஜூனியர்களில் அணிக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஓர் அணி. கோடு போட்டு ஐந்து பத்தி: பெயர், இடம், கடைசியாக ஆடிய போட்டியில் அடித்த கோல் (ஃபீல்டு, கார்னர், ஸ்ட்ரோக் தனித்தனியாக), அட்டைகள், கார்னரில் என்ன வேலை. ஐந்தாவது பத்தியை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும். லீக்கை வெல்பவர் அதை ஒழுங்காக நிரப்பியவராகத்தான் இருப்பார்.

படி 3: கார்னர் யார் கையில்?

பெனால்டி கார்னர் நடக்கும்போது ஐந்து விநாடி டிவியை உற்றுப் பாருங்கள். பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுகிறார். வட்டத்துக்கு வெளியே ஸ்டாப்பர் குனிந்து அதை நிறுத்துகிறார். மூன்றாமவர் மட்டையின் வளைவில் பந்தை ஏந்தி இழுத்து, உடம்பைத் திருப்பி எறிகிறார். அதுதான் டிராக் ஃபிளிக். கார்னரில் முதல் அடியை ஓங்கி அடித்தால் பந்து கோலின் அடிப்பலகை உயரமான 46 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மேல் மூலைக்கே அனுப்பலாம். எல்லா அணியும் ஃபிளிக்கரைத் தேடி ஓடுவது அதனால்தான். மூன்று பேர் செய்த வேலையில் தாளில் ஏறுவது ஒரே பெயர், நமக்குப் புள்ளி தருவதும் அந்தப் பெயர்தான்.

அணிக்கு ஒரு முதல் ஃபிளிக்கர் என்றால் லீக்கிலேயே எட்டுப் பேர்தான். நீங்கள் ஆறு பேர். ஆளுக்கு ஒருவர் போக, இரண்டாவது ஃபிளிக்கர் கிடைக்கப்போவது இரண்டே பேருக்கு. அந்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இப்போது நுட்பமான இடம். நாட்டு அணியில் யார் ஃபிளிக்கர் என்று பார்த்துப் பட்டியல் போடுவது பெரிய தவறு. நாட்டு அணியில் இரண்டாம், மூன்றாம் கையாக இருப்பவர் லீக் அணியில் முதல் கையாகிவிடுவார். ஜுக்ராஜ் சிங் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெறும் மாற்று வீரர், பதினாறு பேரில் இல்லை. ஆறு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த லீக் இறுதி ஆட்டத்தில் பெங்கால் டைகர்ஸ் அணிக்காக மூன்று கோல் அடித்தார். 4-3 என்று கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். எதிரணியான ஹைதராபாத் தூஃபான்ஸின் ஃபிளிக்கர் கோன்சாலோ பெய்யாட், அர்ஜென்டினாவுக்காக ஒலிம்பிக் தங்கமும் பிறகு ஜெர்மனிக்காக உலகக் கோப்பையும் வென்றவர். டிராஃப்டில் பெய்யாட் முதல் சுற்றிலேயே போயிருப்பார். ஜுக்ராஜை நாலாவது சுற்றில் சும்மா எடுத்திருக்கலாம்.

நம் தமிழ்நாடு டிராகன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் ஏலத்தில் அவர்கள் நெதர்லாந்தின் ஜிப் யான்செனை 54 லட்சத்துக்கும், அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸும் வந்தார். மூன்று பேருக்கும் கார்னர் எடுக்கத் தெரியும். ஆனால் ஓர் ஆட்டத்தில் கிடைப்பதோ கைவிரல் விட்டு எண்ணும் கார்னர்கள். இப்படிப்பட்ட அணியில் முதல் கையை மட்டும் எடுங்கள். இரண்டாம் கையை ஃபிளிக்கர் என்று எண்ணி விலை கொடுக்காதீர்கள், பேக் என்று எண்ணி எடுங்கள்.

ஐந்தாவது பத்தியில் எழுத வேண்டிய குறி இவ்வளவுதான்: முதல் கை என்றால் 1, இரண்டாம் கை என்றால் 2, ஸ்ட்ரோக் எடுப்பவர் என்றால் 'ஸ்'. ஒரே ஆளுக்கு '1ஸ்' என்று இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. முன்னணி ஃபிளிக்கர்களில் பாதிக்கு மேல் பேக் ஆட்டக்காரர்கள்தான். மூன்று பேக் இடத்தையும் முதல் மூன்று சுற்றில் நிரப்பிவிட்டால் நாலாவதாக வரும் நல்ல ஃபிளிக்கருக்கு இடம் இருக்காது. 'விருப்பப்படி ஒருவர்' இடத்தைக் கடைசிவரை காலியாக வைத்திருங்கள்.

படி 4: ஏல விலையைக் கண்டு மயங்காதீர்கள்

2024 ஏலத்தில் ஒவ்வோர் ஆண்கள் அணியின் கையிலும் இருந்தது 4 கோடி ரூபாய். அதில் ஹர்மன்பிரீத்துக்கு 78 லட்சம், அபிஷேக்குக்கு 72 லட்சம், ஹர்திக் சிங்குக்கு 70 லட்சம். ஹர்திக் அந்த விலைக்கு முழுத் தகுதி உள்ளவர். நடுக்களத்தில் ஆட்டத்தையே தோளில் சுமப்பவர். ஆனால் நம் புள்ளி விதிக்கு அவர் சுமப்பது தெரியாது. பந்தைப் பறித்தல், இடம் திறந்துவிடுதல், எதிரணியின் வேகத்தைக் குறைத்தல் எதுவும் தாளில் ஏறாது. ஹாஃப் ஆட்டக்காரர்களைக் கடைசிச் சுற்றுகளுக்குத் தள்ளுங்கள். அவர்களிலும் ஸ்ட்ரோக்கோ கார்னரோ எடுப்பவர் இருந்தால் மட்டும் முன்னே கொண்டுவாருங்கள். ஹாக்கி தெரிந்தவருக்கு இது மனம் ஒப்பாத வேலைதான். புள்ளி வேண்டுமானால் ஒப்பித்தான் ஆக வேண்டும்.

படி 5: கீப்பர், அட்டை

கீப்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அணிக்கு ஒருவர் என்றால் எட்டுப் பேர், தேவை ஆறு. அவசரம் வேண்டாம், ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு எடுத்தால் போதும். ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். சில அணிகள் இரண்டு கீப்பரை மாற்றி மாற்றி இறக்கும். ஆட்டத்துக்கு நடுவிலேயே மாற்றுவதும் உண்டு. தன் முதல் பருவத்தில் டிராகன்ஸ் வாங்கிய டேவிட் ஹார்ட், உலகின் சிறந்த கீப்பர் விருதை இருமுறை பெற்றவர். அப்படி ஒரு பெயர் இருந்தாலும், எத்தனை ஆட்டத்தில் முழு நேரமும் நிற்பார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அட்டைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் ஆட்டமே முடிந்தது. 2024 ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ரோஹிதாஸ் 17-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். இந்தியா பத்துப் பேருடன் ஆடி ஷூட் அவுட்டில் பிழைத்தது. ஆனால் அவருக்கு ஓர் ஆட்டத் தடை. ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவர் இல்லை, இந்தியா 2-3 என்று தோற்றது. உங்கள் அணியிலும் நடப்பது இதுதான்: அட்டைக்குப் புள்ளி கழிவது ஒருபக்கம், அடுத்த ஆட்டத்தில் ஆளே இல்லாமல் போவது இன்னொரு பக்கம். ஒரு சிவப்பைக் கண்டு ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது. நான்கைந்து மஞ்சள் வரிசையாக இருந்தால் பட்டியலில் ஐந்து இடம் கீழே இறக்குங்கள்.

படி 6: அடுக்கு

1 முதல் 80 வரை வரிசை எண் போடுவது வீண் வேலை. 23-ஆவது ஆளுக்கும் 24-ஆவது ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியாது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சையை அளவு பார்த்துக் குவிப்பதுபோல் குவியல் போடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று அடுக்கு. ஓர் அடுக்குக்குள் இருப்பவர்களில் யார் கிடைத்தாலும் உங்களுக்குச் சம்மதம் என்ற நிலை வர வேண்டும்.

டிராஃப்ட் அன்று நீங்கள் பார்க்க வேண்டியது எந்த அடுக்கு காலியாகப் போகிறது என்பதை. பேக் முதல் அடுக்கில் ஒரே ஒருவர் மிச்சம், ஃபார்வர்டு முதல் அடுக்கில் நால்வர் மிச்சம் என்றால் பேக்கை எடுங்கள். ஃபார்வர்டு அடுத்த முறையும் இருப்பார்.

முறை வரும் கணக்கையும் முன்பே எழுதி வையுங்கள். ஆறு பேர் பாம்பு வரிசையில் எடுத்தால் முதல் சுற்று 1 முதல் 6, இரண்டாம் சுற்று 6-இலிருந்து 1 எனத் திரும்பும். அப்படியானால்:

- முதல் இடத்தில் இருப்பவருக்கு 1, 12, 13, 24, 25-ஆவது ஆட்கள்
- ஆறாம் இடத்தில் இருப்பவருக்கு 6, 7, 18, 19-ஆவது ஆட்கள்

முதல் இடம் வந்தால் ஹர்மன்பிரீத்தை எடுத்துவிட்டுப் பத்துப் பெயர் போகிறவரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கடைசி இடம் வந்தால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள், அடுத்தடுத்து இரண்டு பேரை அள்ளலாம். இரண்டு ஃபிளிக்கர் கணக்குக்கு ஆறாம் இடம்தான் தோது. என்னைக் கேட்டால் முதல் இடத்தைவிட அதுதான் பிடிக்கும்.

படி 7: ஓர் ஒத்திகை

முந்தின நாள் ராத்திரி, 80 பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டில் தம்பி தங்கையை உட்கார வைத்து மூன்று சுற்று எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஹாக்கி தெரியாவிட்டால் இன்னும் நல்லது. கண்டபடி எடுப்பார்கள். நீங்கள் நினைத்த வரிசை குலையும்போது என்ன செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டிராஃப்ட் அன்று

1. நேரில் வர முடியாதவர்கள், திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருப்பவர்கள், தங்கள் அடுக்குப் பட்டியலை ஊரில் ஒருவரிடம் முன்பே அனுப்பிவிட வேண்டும். சிக்னல் போனது, சார்ஜ் இறங்கியது என்ற காரணத்துக்காக ஆட்டம் நிற்காது.
2. ஓர் ஆளைச் சொல்ல 60 விநாடி. போனில் அலாரம் வையுங்கள். நேரம் தாண்டினால் முறை அடுத்தவருக்கு.
3. எடுத்த பெயரை ஆறு பேருமே தங்கள் தாளில் அடிக்க வேண்டும். போன ஆளை மறுபடி கூப்பிட்டு முறையை வீணாக்குவது எல்லா டிராஃப்டிலும் நடக்கிறது.
4. எதிரில் இருப்பவரின் காலி இடங்களையும் எண்ணுங்கள். உங்களுக்கு அடுத்து எடுக்கும் இருவரிடமும் ஏற்கெனவே கீப்பர் இருந்தால் நீங்கள் கீப்பரை இன்னொரு சுற்று தள்ளிப் போடலாம்.
5. பட்டியலுக்கு வெளியே ஒரு பெயர் திடீரென்று மனதில் வந்தால் கடைசி இரண்டு சுற்றுக்கு ஒதுக்கி வையுங்கள்.

நம் பக்கத்தில் மட்டும் நடக்கும் ஒன்றும் உண்டு. மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருக்கும்.

"அண்ணே, கார்த்தி இருக்காருல்லா? நான் எடுத்துக்கிடுதேன்."

"எலே, மூணாவது ரவுண்டுலயா? ஃபார்வர்டு எல்லாம் அப்படியே கெடக்குடே."

"இருக்கட்டும்ணே. கோவில்பட்டியில ஆடுன ஆளு. வேற எவனும் எடுத்துட்டுப் போறதுக்கா?"

இந்தப் பேச்சு எல்லாக் குழுவிலும் வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்தி செல்வம் நல்ல ஃபார்வர்டு. முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். ஆனால் தென்காசி, தூத்துக்குடிக் குழுக்களில் அவர் தன் புள்ளி மதிப்பைவிட இரண்டு சுற்று முன்பே போய்விடுவார். அவர்தான் வேண்டும் என்றால் நீங்களும் முன்கூட்டியே எடுங்கள், அது தப்பில்லை. ஜெயிப்பதுதான் முக்கியம் என்றால் மற்றவர்கள் நம்மூர் ஆட்களுக்குச் செலவழிக்கும் அந்தச் சுற்றுகளில் உங்கள் இரண்டாவது ஃபிளிக்கரை எடுத்துவிடுங்கள்.

நான்கே பேர் இருந்தால்

ஆறு பேர் சேரவில்லையா? பெண்கள் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய முதல் பருவத்தில் நான்கே அணிகள். ஒடிசா வாரியர்ஸ் கோப்பையை வென்றது. ஆட்கள் குறைவு, ஆட்டங்கள் குறைவு, புள்ளிக் கணக்கு எளிது. முதல்முறை டிராஃப்ட் செய்பவர்களுக்கு இதுதான் சரியான பயிற்சிக் களம். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 11-க்குப் பதில் 8 பேர் போதும்.

டொரொன்டோ பக்கம் உள்ள சொந்தக்காரர்கள் தங்கள் டிராஃப்டுக்கு உங்களைக் கூப்பிட்டால் அது ஐஸ் ஹாக்கி, என்எச்எல். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை அணிக்கு 80-க்கு மேல் ஆட்டம். அங்கே கோலுக்கு எடுத்துக் கொடுத்தவர் பெயரும் தாளில் ஏறும், அதற்கும் புள்ளி உண்டு. அதனால் சென்டர் என்னும் நடு ஃபார்வர்டுகளுக்கு அங்கே மதிப்பு அதிகம். அடுக்கு, பாம்பு வரிசை, காலி இடம் எண்ணுவது எல்லாம் அப்படியே செல்லும். மேலே சொன்ன ஃபிளிக்கர் கணக்கு மட்டும் செல்லாது.

டிராஃப்ட் முடிந்த அன்றே

1. ஆறு அணியையும் ஒரே தாளில் எழுதி, படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். அதற்குப் பிறகு பெயர் மாற்றக் கூடாது.
2. எடுக்கப்படாத 14 பெயரையும் அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். யாருக்காவது காயம் பட்டால் மாற்று ஆள் அங்கிருந்துதான்.
3. மாற்று ஆள் எடுக்கும் முறை புள்ளியில் கடைசியில் இருப்பவருக்கு முதலில். வாரத்துக்கு ஒருவர், அதற்கு மேல் இல்லை.
4. முதல் இரண்டு ஆட்டத்தைப் பார்க்கும்போது ஐந்தாவது பத்தியை மறுபடி திறந்து வையுங்கள். கார்னரில் நீங்கள் எழுதிய ஆளுக்குப் பதில் வேறொருவர் இழுத்தால் அந்தப் பெயர் உங்கள் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திங்கட்கிழமை காலையே கேட்டுவிடுங்கள்.